இருட்டில் எடுத்துக் கொடுப்பவள்

ஜூன் 3

தடித்த கறுப்பு மார்க்கர் பேனா ஒரு டஜன் வாங்கினேன். "போஸ்டர் எழுதப் போறீங்களா மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர். தேர்தலில் நிற்கிறேன், மறக்காமல் ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனிமேல் டைரி இந்தப் பேனாவில்தான், வரிமேல் வரி ஏறாமல் இருக்க. ஒரு பக்கத்துக்கு ஆறேழு வரிதான் அடங்குகிறது. எழுதுவதில் கஷ்டமில்லை, கைக்கு எழுத்து தெரியும். எழுதியதைப் படிக்கத்தான் முடியாது. ஒரு விதத்தில் நல்லதுதான். பழைய டைரிகளைப் படித்து நான் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை.

கண் டாக்டர் சொன்னதை எழுதி வைக்கிறேன். நடுப்பார்வை போய்க்கொண்டே இருக்கும், ஓரப்பார்வை நிற்கும். "நடமாட்டத்துக்குப் பிரச்சினை இல்லம்மா. படிக்கிறது மட்டும்தான் முடியாம போகும்." மட்டும்தானாம்! என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். நாடகக் குழுவில் பிராம்ப்டர் என்றேன். பக்கத்திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மடியில் வசனத் தாளை வைத்துக்கொண்டு, நடிகர் மறந்தால் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பேன் என்று விளக்கினேன். அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார்.

மேடையின் ஓரத்திலேயே காலத்தை ஓட்டியவளிடம், ஓரம் மட்டும் மிஞ்சும் என்கிறார். சிரிப்பு வந்தது. அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தேன். முகம் இல்லை. இரண்டு காது மட்டும் இருந்தது. பெரிய காது.

ஜூன் 9

இன்று பழைய நாடகம். வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம் என்பதால் மடியில் தாள் சும்மா அலங்காரத்துக்கு. யாரும் சந்தேகப்படக் கூடாதென்று அவ்வப்போது பக்கத்தைப் புரட்டினேன். இன்றைக்கு எங்கள் குழுவில் என்னைவிட நன்றாக நடித்தவர் யாரும் இல்லை.

எங்கள் ராஜா இன்று இரண்டு இடத்தில் மறந்தார். பகலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட், மாலையில் ராஜா. வேறு வேஷம் அவருக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. வசனத்துக்கு நடுவில் திடீரென்று நின்றுவிடுவார். உடனே எடுத்துக் கொடுத்தால், "அது மறதி இல்லம்மா, நடிப்பு!" என்று பிறகு வந்து குதிப்பார். தாமதித்தால், தூங்கிவிட்டாயா என்பார். எது மறதி, எது நடிப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ரகசிய வழி உண்டு. மறந்துபோனால் அவர் நாக்கு மேல் பல் செட்டைத் தள்ளும். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். செட் கட்டியது என் வீட்டுக்காரர், அதுதான் அவர் தொழில். அதில் குறை சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "செட்டு நல்லாத்தான் உக்காந்திருக்கு. அந்த மனுஷன் நாக்குதான் சும்மா இருக்கறதில்ல."

இடைவேளையில் ராஜா என் பக்கத்தில் வந்து கிரீடத்தைக் கழற்றி வைத்தார். என் மடியிலிருந்த தாளை எடுத்துத் திருப்பி மறுபடி மடியில் வைத்தார்.

"தலைகீழா வெச்சிருக்கம்மா."

வேறொன்றும் கேட்கவில்லை. புதிதாக ஒரு பாலிசி வந்திருக்கிறது, எடுக்கிறாயா என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 10

யாரிடமாவது சொல்வாரா? சொல்ல மாட்டார். மறந்துவிடுவார்.

ஜூன் 22

புது நாடகம் அறிவித்தாகிவிட்டது. பிப்ரவரியில் மேடை. எழுத்தும் இயக்கமும் மைக் செட். எங்கள் இயக்குநருக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். அவர் பேசினால் கடைசி வரிசைக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துமிடம் வரை கேட்கும்.

பதவி இழந்த ராஜாவை நிலவறையில் அடைக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் ராஜா பேசுகிறார். தாளைக் கையில் கொடுத்தபோது வாசனை பார்த்துவிட்டு, அருமை என்றேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் படித்துக் காட்டச் சொன்னேன். 'ராஜத்துரோகிக்குத் தலை போகட்டும்' என்பதை, மேல் வரிசையில் நாலு பல், கீழ் வரிசையில் மூணு என்று ஆர்டர் எடுக்கும் குரலில் படிக்கிறார். தலையில் எப்படி ஒட்டும்?

பயமாக இருக்கிறது. விஷயம் தெரிந்தால் மைக் செட் என்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டார், நல்ல மனிதர். டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார வைப்பார். அதுதான் இன்னும் மோசம். எனக்கு அந்த ஸ்டூல் வேண்டும். வேறெதற்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜூலை 4

என் வீட்டுக்காரர் எங்கேயோ விசாரித்து, பார்வையற்றோர் நூலகத்துக்குக் கூட்டிப் போனார். மாடியில் பிரெயில் வகுப்பு. டீச்சர் என்றதும் வயதான, சாந்தமான ஒருவரை எதிர்பார்த்தேன். இருந்தது என் தங்கை மகள் வயதுப் பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. பொறுமையும் பிறவியிலேயே இல்லை.

"எதுக்குக் கத்துக்கணும் ஆன்ட்டி?"

ஆன்ட்டி! குழுவில் தலை முழுக்க நரைத்த தபேலாக்காரர்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பிப்ரவரிக்குள் ஒரு முழு நாடகம் படிக்க வேண்டும் என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து நுனியைத் தடவிப் பார்த்தாள்.

"பரவால்ல. அடுப்புல ரொம்ப சுட்டுக்கல."

"சமைக்கிறது அவருதான்."

"அதான் விரல் உயிரோட இருக்கு."

ஜூலை 9

ஆறு புள்ளி. மூன்று மூன்றாக இரண்டு வரிசை. இதற்குள் தமிழ் மொத்தமும் அடங்கிவிடுமாம். அ-வுக்கு ஒரே ஒரு புள்ளி, ழ-வுக்கு ஐந்து. அதற்குத்தான் எத்தனை பவிசு! பள்ளிக்கூடத்தில் மெய்யெழுத்தின் தலையில் உட்கார்ந்திருந்த புள்ளி, இங்கே இறங்கி வந்து எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஊர்வலத்தில் தலைவருக்கு முன்னால் ஓடும் தொண்டரைப் போல.

என் வீட்டுக்காரர் முன்னறையில் பல் வேலையைப் போட்டுவிட்டு, ஈறு செய்கிற ரோஸ் நிறப் பசையில் எனக்கு எழுத்து செய்து கொண்டிருந்தார். ஒவ்வொரு புள்ளியும் கடைவாய்ப் பல் அளவு. பெருமையோடு வகுப்புக்கு எடுத்து வந்தார். டீச்சர் தடவினாள்.

"என்ன அங்கிள் இது, செங்கல்லா?"

"இல்லம்மா... பெருசா இருந்தா ஈசியா இருக்குமேன்னு..."

"ஒரே தொடல்ல முழு எழுத்தும் விரலுக்குள்ள வரணும். இதுல நடந்துதான் போகணும்."

அவர் முகம் வாடியிருக்கும். எனக்குக் காதுதான் தெரிந்தது, அது சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதையெல்லாம் என் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஈறில் முளைத்த உயிரெழுத்து வேறு யார் வீட்டில் இருக்கிறது?

ஜூலை 20

தாளைத் தொட்டால் சர்க்கரை கொட்டிய மேஜை மாதிரி இருக்கிறது. எங்கே வார்த்தை, எங்கே வரி என்று ஒன்றும் பிடிபடவில்லை. "அமுக்காதீங்க ஆன்ட்டி, எழுத்து எங்கயும் ஓடிப் போகாது." ஓடுகிறதே டீச்சர்.

என் வீட்டுக்காரருக்கு எல்லா எழுத்தும் வந்துவிட்டது. கண்ணால் பார்த்துப் படிக்கிறார். திருட்டு.

ஆகஸ்ட் 11

இன்று நாலாம் பாடத்தை மடமடவென்று படித்தேன். போன வாரம் மூன்றாம் பாடமும் அப்படித்தான். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, அசந்து போயிருப்பாள்.

சரி, உண்மையை எழுதுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். பாடத்தை என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்துக் காட்டினார். ராஜ வசனம்தான் தலையில் ஒட்டாது. 'மழை வந்தது, மாடு ஓடியது' ஒட்டாமல் எங்கே போகும்? விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே ஒப்பித்தேன். நடுவில் ஓரிடத்தில் திணறுவது போலவும் செய்தேன். பிராம்ப்டர் புத்தி எங்கே போகும்.

ஆகஸ்ட் 18

மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் பாடத்தை உணர்ச்சியோடு ஏற்ற இறக்கத்தோடு படித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கை நீட்டித் தாளைத் தடவிவிட்டு மேஜையைத் தட்டினாள்.

"ரொம்ப நல்லா படிச்சீங்க ஆன்ட்டி. தாள் தலைகீழா இருக்கு."

என்னைப் பிடிக்கிறவர்கள் எல்லாரும் தாளைத் திருப்பித்தான் பிடிக்கிறார்கள்.

"நீங்க எனக்கு வசனம் எடுத்துக் குடுத்துட்டு இருக்கீங்க. நான் எதையும் மறக்கலையே. உங்க விரல்தான் ஒண்ணும் தெரியாம முழிச்சுட்டு நிக்குது. அதுக்கு யாரு எடுத்துக் குடுப்பா?"

கோபித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். ஏன் சீக்கிரம் வந்துவிட்டாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். மாடிப்படி சரியில்லை என்றேன். அந்தப் பெண் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அதனால்தான் இவ்வளவு எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 7

சமாதானத்துக்கு ஃபிளாஸ்க்கில் காப்பி போட்டு எடுத்துப் போனேன். என் கையால் போட்டது. ஒரு வாய் குடித்தாள். ஆறு சாவி வைத்த பிரெயில் டைப்ரைட்டரில் கடகடவென்று தட்டி, தாளை உருவி என் முன்னால் வைத்தாள்.

"படிங்க. இதை யாரும் உங்களுக்குப் படிச்சுக் காட்டல."

முதல் எழுத்துக்கே வியர்த்துவிட்டது. க. பிறகு ஏதோ ஒன்று. ஆ-வா? கா. அடுத்தது எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிற அந்தத் தொண்டர் புள்ளி. அப்படியென்றால் ப். பின்னாலேயே இன்னொரு ப, அதற்கு இ. மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் கீழே வந்து நின்று இருமிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. கடைசி எழுத்து வரை போய்விட்டு, திரும்ப வந்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சத்தமாகப் படித்தேன்.

"காப்பி கேவலமா இருக்கு."

"சரியா படிச்சீங்க," என்றாள்.

விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குத் தெரியாத ஒன்றை முதல்முறையாக என் விரல் எனக்குச் சொல்லியிருக்கிறது. தாளைக் கெஞ்சி வாங்கி வந்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 15

ஒத்திகையில் மைக் செட் தினமும் வசனத்தை மாற்றுகிறார். இதுவரை எப்படியோ சமாளித்தேன், காதால் கேட்டுக் கேட்டு. இன்று எல்லார் முன்னாலும் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். "புது வசனம். படிம்மா, ராஜா கேக்கட்டும்."

என்ன செய்வேன்? தாளைப் பார்ப்பது போலக் குனிந்து, ராஜா பேசுவது போல ஒன்றை நானே கட்டிச் சொன்னேன். 'சங்கிலி என் காலில்தான் கிடக்கிறது, என் மானத்தில் இல்லை.' நல்லாத்தான் இருந்தது. தபேலாக்காரர் ஆகா என்றார்.

"நல்லா இருக்கு," என்றார் மைக் செட். "ஆனா இது நான் எழுதினது இல்லையே."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். மைக் செட் மெதுவான குரலில் பேசினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பயமாக இருந்தது. "நீ எங்கயும் போக வேணாம்மா. கவுன்ட்டர்ல உக்காரு. நம்ம மச்சான் பாத்துக்குவான்."

மச்சான்னா அவர் பொண்டாட்டியோட தம்பி. கையில டேப்லெட்டு. நான் இன்னும் வாசலத் தாண்டல, அதுக்குள்ள என் ஸ்டூல்ல உக்காந்துட்டான். மெத்தை வேற போட்டுக்கிட்டு! எத்தன வருஷமா கட்டையில உக்காந்தவ நான்... எல்லாரும் என்னப் பாவம்னு பாக்கறாங்க. மூஞ்சி தெரியலன்னாலும் அது தெரியுது. கண்ணு போகுதுன்னு டாக்டர் சொன்னப்பகூட நான் இப்படி அழல. எனக்கு யாரோட பரிதாபமும் வேணாம். என் எடம்தான் வேணும்.

அக்டோபர் 16

இன்று யாரோடும் பேசவில்லை. அவர் சமைத்ததைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

நவம்பர் 2

டிக்கெட் கவுன்ட்டர். அளவெடுத்த கூண்டு. வேலை ஐந்து நிமிஷம், கொட்டாவி ஒரு மணி நேரம். நூலகத்திலிருந்து கதைப் புத்தகம் எடுத்து வந்து மடியில் வைத்துப் படிக்கிறேன். ஒரு கை மேஜைமேல், ஒரு கை மேஜைக்குக் கீழே.

"அந்தம்மா கீழ என்னமோ பண்ணுதுடி," என்று ஒருவர் தன் மனைவியிடம் குசுகுசுத்தார். கதாநாயகி கிணற்றில் விழுந்துவிட்டாள் சார், காப்பாற்றிக் கொண்டிருக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள் என்றேன். இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்கள்.

நவம்பர் 20

முன்னறையில் பல் வரிசைகளை ஒதுக்கிவிட்டு டைப்ரைட்டரை வைத்தாயிற்று. இவர் நாடகத்தைப் படிக்க, டீச்சர் தட்டுகிறாள். என்னைத்தான் தூக்கிவிட்டார்களே, இது எதற்கு என்று கேட்டேன்.

"கத்துக்கறதுக்கு ஒரு பாடம் வேணும்ல?" என்றாள். நாலு பக்கம் ஆனதும், "இந்த ராஜா வாயே மூட மாட்டாரா அங்கிள்?" என்றாள்.

"வாய் நான் கட்டினதும்மா. அதான் உழைக்குது."

அந்த மெல்லிசான நாடகம் மூன்று தடிப் புத்தகமாகிவிட்டது. தாள் அட்டை மாதிரி கெட்டி. தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் இது என்னுடையது. முதல் பக்கத்தை விரலால் படித்தேன். ராஜா வருகிறார். அப்புறம் பேசுகிறார், பேசுகிறார்.

டிசம்பர் 9

மச்சான் கதை! ராஜா கவுன்ட்டருக்கு வந்து, சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

நிலவறைக் காட்சிக்கு மைக் செட் ஒரு யோசனை பண்ணியிருக்கிறார். மேடை முழுக்கக் கும்மிருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது. ராஜாவின் குரல் மட்டும் கேட்க வேண்டும். இன்று விளக்கை அணைத்தார்கள். பார்த்தால், பக்கத்திரையில் டேப்லெட் வெளிச்சத்தில் ஒரு தாடி மட்டும் தனியாக மிதக்கிறது. "பேய் வர்ற நாடகமாடா இது?" என்று மைக் செட் கத்தியதில் மச்சான் டேப்லெட்டை மூடிவிட்டான். உடனே ராஜாவுக்கு வசனம் மறந்துபோயிற்று. எடுத்துக் கொடுக்க வழியில்லை. இருட்டில் எல்லாரும் சும்மா நின்றார்களாம்.

சிரித்து முடித்ததும் ராஜா கூண்டுக்குள் தலையை நீட்டினார்.

"மடியில வெச்சுத் தடவிட்டு இருக்கியே, அதுக்கு வெளிச்சம் வேணுமா?"

"வேணாண்ணே."

"அப்ப இங்க என்ன பண்ணிட்டு இருக்க?"

கொழுந்தியாளுக்கு முதல் வரிசையில் இரண்டு டிக்கெட் கேட்டார். கொடுத்தேன்.

டிசம்பர் 12

மூன்றாவது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மைக் செட் அறைக்குப் போனேன். "சார், ஜன்னலச் சாத்துங்க. லைட்ட அணைங்க," என்றேன். ஜன்னலைச் சாத்தினார், விளக்கை அணைத்தார். பிறகு, "கதவு தொறந்து இருக்கட்டும்மா," என்றார். யாராவது தப்பாக நினைத்துவிடுவார்களாம். இந்த மூஞ்சிக்கு அந்தக் கவலை வேறு.

கதவையும் சாத்திவிட்டுப் படித்தேன். நிலவறைக் காட்சி, முதல் வரியிலிருந்து. இரண்டு இடத்தில் தடுக்கியது, திரும்பப் போய்ப் பிடித்தேன். ஒப்பிக்கவில்லை. இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மனப்பாடம் செய்யவில்லை. டீச்சர்மேல் சத்தியம்.

நாற்காலி கிறீச்சிட்டது. "ரொம்ப மெதுவா இருக்கேம்மா."

"இருட்டுல இதுதான் வேகம் சார். மச்சான விட வேகம்."

கடைசியில் தீர்ப்பு: இருட்டுக்கு நான், வெளிச்சத்துக்கு மச்சான். ஒரே ஒரு காட்சி. அவமானமாக இருந்தது. உடனே சரி என்றேன்.

ஜனவரி 8

ராஜாவின் வாய்க்கு என் விரல் ஈடுகொடுக்கவில்லை. நான் ஒரு வரி முடிப்பதற்குள் அவர் மூன்று வரி தாண்டிவிடுகிறார். "நான் மெதுவா பேசறேன்மா, கவலப்படாத," என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அடுத்த ஒத்திகையில் அதையும் மறந்துவிட்டார்.

டீச்சர் வழி சொன்னாள். "வலது கை வரிய முடிக்கறதுக்குள்ள இடது கை போய் அடுத்த வரி வாசல்ல நிக்கணும்." என் இடது கை இதுவரை வளையல் மாட்டுவதைத் தவிர ஒன்றும் செய்ததில்லை.

ஜனவரி 25

சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு ஒத்திகை. என் வீட்டுக்காரர்தான் ராஜா. அதே ஆர்டர் எடுக்கும் குரல். நடுவில் வேண்டுமென்றே நிறுத்துகிறார். டக் சத்தம் வேண்டுமே என்று கையில் ஒரு செட்டை வைத்துத் தட்டுகிறார். எடுத்துக் கொடுத்தேன். பத்து முறை நிறுத்தினால் எட்டு முறை பிடித்துவிடுகிறேன். மீதி இரண்டு?

"அது நடிப்பு," என்றார் இருட்டிலிருந்து. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் ஜோக் அடிப்பார் என்று எனக்குத் தெரியாது. பிடித்திருந்தது. இதை யாரும் படிக்க முடியாத பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 13

முதல் மேடை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நிலவறைக்கு முன் மச்சான் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தான். விளக்கு அணைந்தது. மற்றவர்கள் எல்லாரும் தடுமாறினார்கள், யாரோ எதன்மேலோ மோதினார்கள். எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. ராஜா பேச ஆரம்பித்தார். என் விரல் அவருக்கு அரை வரி முன்னால் ஓடியது. ஓடியது என்று எழுதுகிறேன், ஆமாம், ஓடியது. பக்கம் புரட்டினேன். விரல் வைத்தேன். ராஜா சொல்வது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று.

இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ராஜா நின்றார். நடிப்பாக இருக்கட்டும், நடிப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

டக்.

நகத்தால் தாளைப் பிரிக்கப் பார்த்தேன். அந்தக் கெட்டித் தாள் சரசரவென்று சத்தம் போட்டது. அரங்கமே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. முதல் வரிசைக்கு நிச்சயம் கேட்டிருக்கும். என் இடம் போயிற்று, இனி கவுன்ட்டர்தான் என்று நினைத்தேன்.

அப்போது ராஜா அழ ஆரம்பித்தார்.

நாடகத்தில் அந்த இடத்தில் அழுகையே கிடையாது. முதலில் ஒரு விசும்பல். நான் தாளை இழுக்க இழுக்க அது பெரிதானது. நான் புரட்டினேன், அவர் ஓவென்று கதறினார். தாள் சத்தம் அதற்குள் அமுங்கிப் போயிற்று. அழுங்கண்ணே, இன்னும் கொஞ்சம் அழுங்கண்ணே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே வரி வரியாகத் தேடினேன். கிடைத்தது. இடது கையை அங்கேயே ஊன்றிக்கொண்டு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கடைசி விம்மல் விம்மிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அரங்கம் கைதட்டியது.

முடிந்ததும் அவரைத் தேடிப் போனேன். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டீங்களாண்ணே?"

"நானா? நீ எங்கயோ தொலைஞ்சு போயிட்ட. வர்ற வரைக்கும் நான் என்ன, சும்மா நிக்கிறதா?"

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லும்போது எனக்கும் அழுகை வந்தது. தாள் சத்தம் ஏதும் இல்லாமலே.

பிப்ரவரி 16

பத்திரிகையில் விமர்சனம் வந்திருக்கிறது. இவர் படித்துக் காட்டினார். 'இருளில் ஒரு மன்னனின் கதறல், அண்மைக்காலத்தில் மேடை கண்ட அரிய தருணம்.' மைக் செட் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டார். இனி ஒவ்வொரு காட்சியிலும் ராஜா அதே இடத்தில் அழ வேண்டும் என்று உத்தரவு. அழுகையைத் தான்தான் சொல்லிக் கொடுத்ததாகவும் பேசிக்கொண்டு திரிகிறார்.

மார்ச் 30

மார்க்கர் பேனாவை மூடிவைத்துவிட்டேன். இது ஊசியால் குத்தி எழுதுவது. வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். மறுபடியும் தாளைத் திருப்புகிற வேலைதான். மேலே எழுதிய வரியைப் படித்துப் பார்த்தேன். இரண்டு தப்பு இருக்கிறது. இருக்கட்டும்.

இதைக் கண்ணால் படிக்கிற ஒருவர் இந்த வீட்டில் இருக்கிறார். ஏங்க, அடுத்தவங்க டைரியத் தொடாதீங்க.

மச்சானின் டேப்லெட் ஒருநாள் சார்ஜ் இல்லாமல் படுத்துவிட்டது. அன்றிலிருந்து முழு நாடகமும் என்னிடம், மூன்று புத்தகமும். அவனுடைய மெத்தையை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

நேற்று நிலவறைக் காட்சி. ராஜா எல்லா வசனத்தையும் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று நின்றார். டக். விரலை ஓட்டினேன். அந்த இடத்தில் அவருக்கு வசனமே இல்லை. என் கையால் நான் குத்திச் சேர்த்திருந்த ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"அழுங்கண்ணே."

அழுதார். நன்றாகவே அழுதார். முடிந்ததும் நேராக என் ஸ்டூலுக்கு வந்தார்.

"அது மறதி இல்லம்மா," என்றார். "நடிப்பு."